புதிய குளிர்சாதனப் பெட்டி வந்த அன்றே பழுது: கடை கம்பெனியைக் கைகாட்டுகிறது, கம்பெனி கடையைக் கைகாட்டுகிறது

கேள்வி: வைகை வடகரை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகள் உழைத்த இரட்டைக் கதவு குளிர்சாதனப் பெட்டி, பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் குளிர்ச்சி குறைந்து, பிறகு அடியோடு நின்றுவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக் கேஸ் கசிந்துவிட்டது என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார், அது நிலைக்கவில்லை. கம்ப்ரஸருக்குப் பத்து ஆண்டு வாரண்டி உண்டே என்று சர்வீஸ் சென்டரைக் கேட்டபோது, கம்ப்ரஸரில் குறையில்லை, உட்சுவருக்குள் நுரையில் புதைந்து கிடக்கும் குழாயில்தான் கசிவு, அது வாரண்டியில் வராது, பிரித்துச் சரிசெய்யவும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வேறு வழியின்றி நகரின் பெரிய கடை ஒன்றில் புதியது வாங்கினோம். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு அதற்கான தொகையைக் கழித்துவிட்டு, மீதியை மாதத் தவணையில் கட்டுவது என்று ஏற்பாடு. பெட்டியைக் கொண்டுவந்த ஆட்கள், கைப்பேசிக்கு வந்திருக்கும் ஓ.டி.பி. எண்ணைச் சொன்னால்தான் வண்டியிலிருந்து இறக்குவோம் என்றார்கள். எண்ணை வாங்கிக்கொண்டு, அட்டையைப் பிரிக்காமலே கூடத்தில் வைத்துவிட்டு, பழைய பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிரித்துப் பார்த்தபோது இடப்பக்கச் சுவரில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு விழுந்திருந்தது. ஒடுக்கையாவது பொறுத்துக்கொள்ளலாம். மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டுகிறது. கீழே வைத்த பால் மறுநாள் காலையில் காய்ச்சினால் திரிந்துபோகிறது, இரவில் அரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி மூடியைத் தள்ளி நிற்கிறது.

கடையில் கேட்டால், பொருள் எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது, இனி கம்பெனிதான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்தால், விற்ற டீலர்தான் மாற்றித் தர வேண்டும், நாங்கள் பழுது மட்டும் பார்ப்போம் என்கிறார்கள். ஒருவழியாக வந்த டெக்னீஷியன், கேஸ் குறைவாக இருக்கலாம், வீட்டிலேயே நிரப்பிக் கொடுத்துவிடுகிறேன், அரை நாள் வேலைதான் என்கிறார். வாங்கிய சூட்டிலேயே ஒரு புதிய பெட்டியைத் துளைத்துக் கேஸ் நிரப்புவது முறைதானா? மாமனாருக்கு இன்சுலின் இருப்பதால் இதை நீட்டித்துக்கொண்டே போக எங்களால் முடியாது. முதல் தவணைத் தொகை வேறு வங்கியில் எடுத்துவிட்டார்கள். பழையதும் போய், புதியதும் உதவாமல், பணமும் போய்க்கொண்டிருக்கும் நிலையில், யாரிடம் எப்படிக் கேட்டால் நியாயம் கிடைக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில்: மலைக்கோட்டை மெக்கானிக் (திருச்சி)

அம்மா, நான் இந்தத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கேஸ் நிரப்பச் சம்மதிக்காதீர்கள். அந்த டெக்னீஷியன் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். புகாரை அன்றைக்கே முடித்துக் காட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு உண்டு. ஆனால் நீங்கள் சம்மதித்துவிட்டால், உங்கள் கையில் இருப்பது புதிய பெட்டி இல்லை, ஒருமுறை பிரித்துப் பற்றவைத்த பெட்டி.

காரணத்தை விளக்குகிறேன். இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜுகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் வாயுதான் இருக்கிறது. பழைய ஆர்-134ஏ வாயு போல அல்லாமல் இது தீப்பற்றக்கூடியது. ஒரு பெட்டிக்கு ஐம்பது, அறுபது கிராம் அளவுக்குத்தான் தேவைப்படும், அந்தக் கிராம் கணக்குத் தவறினால் குளிர்ச்சி சரியாக வராது. அதைவிட முக்கியமானது, இந்த வாயுவில் ஓடும் பெட்டியின் உறிஞ்சும் பக்கக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் அந்தப் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், வாயு வெளியே போவதோடு நிற்காமல், பெட்டி ஓடும்போது வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே இழுபடும். ஈரம் கேபிலரி என்கிற மெல்லிய குழாயின் வாயில் பனியாக உறைந்து அடைக்கும். கம்ப்ரஸர் எண்ணெயையும் கெடுக்கும். ஆகவே கசிவு எங்கே என்று நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கண்டுபிடிக்காமல், ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றாமல், வேக்குவம் பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றை முழுக்க இழுத்தெடுக்காமல், வெறுமனே வாயுவை மட்டும் ஏற்றிவிட்டுப் போவது வேலையே ஆகாது. உங்கள் பழைய பெட்டியில் நிரப்பிய கேஸ் நிலைக்காமல் போனதும் இதனால்தான் இருக்க வேண்டும். அது போகட்டும், கைவிட்டுப் போன பெட்டி.

புதியதில் எனக்குப் பெரிய சந்தேகம் அந்த ஒடுக்கின் மேல்தான். இன்றைய பல மாடல்களில் பின்பக்கம் கறுப்புக் கம்பிவலை கிடையாது; சூட்டை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவர்த் தகட்டுக்கு உட்புறம் ஒட்டிச் செல்கின்றன. தகடு உள்வாங்கினால் குழாய் நசுங்கவோ விரிசல் விடவோ வாய்ப்புண்டு. ஒரு சோதனை செய்து பாருங்கள். பெட்டி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, இரண்டு பக்கச் சுவர்களிலும் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவுங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் வாயு ஓரளவு ஓடுகிறது என்று பொருள். ஒடுக்கு விழுந்த பக்கம் சில்லென்று கிடந்தாலோ, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தும் இரண்டு பக்கமும் சூடே ஏறாமல் இருந்தாலோ, கோளாறு வாயு செல்லும் பாதையில்தான்.

இன்னொன்றையும் செய்யுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, நடுத்தட்டில் வைத்து, அதற்குள் ஒரு வெப்பமானியைப் போட்டு இரவு முழுக்கக் கதவைத் திறக்காமல் விடுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு ஆகாது. பூஜ்யத்துக்குக் கீழிருந்து காட்டும் அளவுகோல் உள்ள வெப்பமானி மருந்துக் கடைகளிலும் ஆய்வுக்கூடப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். காலையில் 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். என்ன காட்டினாலும் படமெடுத்து வையுங்கள். "கூலிங் வரலை" என்று வாயால் சொல்வதற்கும், தண்ணீரில் இத்தனை டிகிரி என்று படத்தோடு காட்டுவதற்கும் சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் மரியாதையே வேறு.

பிறகு, டெக்னீஷியனிடம் நீங்கள் கேட்க வேண்டிய பொருள் டி.ஓ.ஏ. சான்று. பொருள் வந்து சேரும்போதே பழுதாக இருந்தது என்று கம்பெனி தரப்பில் எழுதித் தரும் தாள் அது. அதைக் காட்டினால்தான் டீலருக்குக் கம்பெனியிலிருந்து மாற்றுப் பெட்டி கிடைக்கும். இல்லையென்றால் அந்த இழப்பு அவர் தலையில் விழும், அதனால்தான் அவர் உங்களைக் கம்பெனிக்குத் துரத்துகிறார். இதற்குப் பல கம்பெனிகள் வைத்திருக்கும் கெடு சில நாள்கள்தான் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.


பதில்: நொய்யல் (கோவை)

மெக்கானிக் அண்ணன் சொல்வதில் ஒரு மாற்றுக் கருத்து எனக்கு உண்டு. எங்கள் வீட்டில் வாங்கிய புதிதில் இதே போலக் கீழ்ப்பகுதி குளிரவில்லை. மாற்றுப் பெட்டிதான் வேண்டும் என்று நாங்களும் பிடிவாதமாக நின்றோம். கடைக்கும் கம்பெனிக்கும் நடந்தே ஓய்ந்துபோனோம். கடைசியில் வேறொரு டெக்னீஷியன் வந்து, மேலிருந்து கீழே குளிர்காற்றை விடும் டேம்பர் என்ற சிறிய கதவு திறக்காமல் சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்து, உதிரிப்பாகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்றுவரை அந்தப் பெட்டி நன்றாக ஓடுகிறது. ஃப்ரீசரில் ஐஸ் கட்டுகிறது என்று சகோதரி எழுதியிருக்கிறார். வாயு இல்லாமல் ஐஸ் எப்படிக் கட்டும்? எல்லாப் பழுதுக்கும் மாற்றுப் பெட்டி கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, இன்சுலின் வைக்க வேண்டிய வீட்டில் விரைவாகச் சரிசெய்துகொள்வது நல்லதில்லையா?


பதில்: மலைக்கோட்டை மெக்கானிக் (திருச்சி)

தம்பி, நீங்கள் சொன்ன டேம்பர் கோளாறு உண்மையாகவே அடிக்கடி வருவதுதான். கேஸ் போய்விட்டது என்று தவறாகச் சொல்லிப் பணம் வாங்கும் பழுதுகளில் அதுவும் ஒன்று. பனி தானாக உருகும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டிகள் பெரும்பாலானவற்றில் காயில் எனப்படும் குளிரூட்டும் வளைகுழாய் ஃப்ரீசருக்குப் பின்னால் மட்டுமே இருக்கும். அங்கே உண்டாகும் குளிரை ஒரு விசிறிதான் கீழே தள்ளுகிறது. விசிறி நின்றாலோ, டேம்பர் சிக்கினாலோ, பனியை உருக்கும் ஹீட்டர் வேலை செய்யாமல் காயில் முழுக்கப் பனிப்பாளமாகிவிட்டாலோ, மேலே குளிரும் கீழே வெப்பமும் இருக்கும். இவை எல்லாம் திருகாணியைக் கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள். மின்னணுப் போர்டும் அப்படியே. இவற்றில் ஒன்றுதான் பழுது என்றால், புதிய பெட்டியாக இருந்தாலும் மாற்றிக்கொண்டு போவதில் குறையில்லை என்பது என் கருத்தும்கூட.

ஆனால் வாயு குறையாக இருக்கும்போதும் ஐஸ் கட்டும். குறைந்த வாயு காயிலின் தொடக்கத்தில் மட்டும் ஆவியாகி அந்த இடத்தை மட்டும் உறையவைக்கும், மீதிக் காயில் வறண்டு கிடக்கும். எது என்று தெரிந்துகொள்ள, டெக்னீஷியன் ஃப்ரீசரின் பின்மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். காயில் முழுக்க மெல்லிய வெண்பனி சீராகப் படர்ந்திருந்தால் வாயு சரியாக இருக்கிறது, காற்று ஓட்டத்தில்தான் கோளாறு. ஒரு மூலையில் மட்டும் கெட்டியாகப் பனி பிடித்து மற்ற வளைவுகள் வெறும் உலோகமாகத் தெரிந்தால், வாயு குறைந்திருக்கிறது அல்லது அது செல்லும் பாதை அடைபட்டிருக்கிறது. அதையும் படமெடுங்கள் அம்மா. முதல் வகையானால் தம்பி சொன்ன வழி. இரண்டாவதானால் மாற்றுப் பெட்டி, அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.


பதில்: மருந்தாளுநர் (திருநெல்வேலி)

இன்சுலின் பற்றி மட்டும் சொல்கிறேன். பிரிக்காத குப்பிகளும் பேனாக்களும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மேலே நன்றாகக் குளிர்கிறதே என்று ஃப்ரீசரிலோ, ஐஸ் கட்டியின் மேல் படும்படியோ வைத்துவிடாதீர்கள். ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் மறுபடி உருகிப் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் பயன்படுத்தக் கூடாது. இருப்பில் உள்ளவற்றை, நீங்கள் வழக்கமாக வாங்கும் மருந்துக் கடையின் குளிர்பெட்டியில் பெயர் எழுதி வைத்துக்கொள்ளக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தற்போது போட்டுக்கொண்டிருப்பதைப் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வரை வெளியில் வைக்கலாம், ஆனால் வகைக்கு வகை இது மாறும் என்பதால் உள்ளே இருக்கும் தாளைப் படித்துக்கொள்ளுங்கள். மதுரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டிவிடும். தண்ணீர் நிரப்பிய மண்பானைக்குள், நீர் புகாத சிறிய டப்பாவில் போட்டு, நிழலான காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பது தற்காலிகமாக உதவும். சர்க்கரை அளவு வழக்கத்துக்கு மாறாக ஏறினால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.


பதில்: நுகர்வோர் பக்கம் (சேலம்)

சகோதரி, நான் நுகர்வோர் வழக்குகளில் மனுதாரர்களுக்கு உதவி வருபவன். உங்கள் கேள்வியின் நடுவில் நிற்பது கடைக்காரரின் "எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது" என்ற வாசகம்தான். அது சட்டத்தின் முன் நிற்காது. நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு. பில் போட்டது கடை. உங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டதும் கடை. உற்பத்தி செய்த நிறுவனம் வாரண்டி கொடுக்கிறது என்பதால் விற்றவரின் பொறுப்பு அற்றுப்போவதில்லை. இருவரும் தங்களுக்குள் யார் நட்டத்தை ஏற்பது என்று தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயத்தை உங்கள் தலையில் ஏற்றி, உங்களைத் தூதராக அலைய வைக்கிறார்கள். இந்த நாட்டில் வீட்டுச் சாதனம் வாங்குகிற லட்சக்கணக்கான குடும்பங்களை இந்த ஒரு வழக்கம்தான் சோர்ந்துபோக வைக்கிறது. அதற்கு நீங்கள் உட்பட வேண்டியதில்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47)இல், நேர்மையற்ற வணிக நடைமுறை எது என்று வரிசைப்படுத்தும்போது, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதையும் சேர்த்திருக்கிறது. பில்லில் ஒரு காலக்கெடு அச்சிட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள். எதுவும் இல்லையென்றால் முப்பது நாளுக்குள். ஆகவே உங்கள் பில்லைப் பின்புறம் உட்பட ஒரு எழுத்து விடாமல் படியுங்கள். அடுத்து அந்த ஓ.டி.பி. விவகாரம். நீங்கள் எண்ணைச் சொன்னது பொருள் வந்து சேர்ந்தது என்பதற்கு ஒப்புதலே தவிர, பொருள் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒப்புதலாகாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 41, வாங்குபவர் முன்னதாகப் பார்த்திராத பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை அவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்று சொல்கிறது. அட்டையைப் பிரிக்கும் முன் வாங்கிய எண் அந்த வாய்ப்பைத் தரவில்லை என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

தொலைபேசிப் பேச்சை இத்தோடு நிறுத்திவிட்டு, எழுத்துக்கு வாருங்கள். ஒரே கடிதத்தைக் கடைக்கும் உற்பத்தி நிறுவனத்துக்கும் சேர்த்து முகவரியிட்டு, மின்னஞ்சலிலும், சேர்ந்ததற்குச் சான்று பெறும்படி விரைவுத்தபாலிலும் அனுப்புங்கள். இருவருக்கும் ஒரே கடிதம் என்பது முக்கியம். அவர் பார்ப்பார், இவர் பார்ப்பார் என்ற விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். பில் எண், பெட்டியின் வரிசை எண், வந்த தேதி, ஒடுக்கின் படம், டம்ளர் வெப்பமானியின் படம், நீங்கள் பெற்ற புகார் எண்கள், டெக்னீஷியன் வாயால் சொன்னவை ஆகிய எல்லாம் அதில் இருக்கட்டும். மாற்றுப் பெட்டியோ முழுத் தொகையோ பதினைந்து நாளுக்குள் வேண்டும் என்று கேளுங்கள். முழுத் தொகை என்பதில் பழைய பெட்டிக்குக் கழித்துக்கொண்ட எக்ஸ்சேஞ்ச் மதிப்பும் அடங்கும் என்று தனியாக ஒரு வரி எழுத மறக்காதீர்கள். பல கடைகள் பணத்தைத் திருப்பித் தரும்போது, வாடிக்கையாளர் கையிலிருந்து வந்த தொகையை மட்டும் கணக்கிட்டு, எடுத்துப் போன பழைய பொருளை மறந்துவிடுகின்றன.

அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உடையவர்கள் அல்லர், ஆனால் புகாரை நிறுவனத்தின் மேல்மட்டத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். கடையில் அசையாத விஷயம் அங்கே அசைந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் அனுப்பலாம். குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகிறது. அதனால்தான் கடிதத்தையும் 1915ஐயும் முன்னே வைக்கிறேன்.

தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கோபம் நியாயமானதே என்றாலும், கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் கணக்கில் அது உங்கள் தவறாகத்தான் பதியும். தாமதக் கட்டணமும் விழும், பிற்காலத்தில் வீட்டுக்கடனோ கல்விக்கடனோ கேட்கும்போது அந்தப் பதிவு எதிரே வந்து நிற்கும். தவணையைக் கட்டிக்கொண்டே, பொருள் பழுதானது குறித்து நிதி நிறுவனத்துக்கும் கடிதத்தின் நகலை அனுப்புங்கள். பணம் திரும்ப வரும்போது கடன் கணக்கை மூடுவதற்கு அது உதவும்.


கேட்டவர்: வைகை வடகரை (மதுரை)

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டம்ளர் சோதனை செய்து பார்த்தோம். காலையில் 14 டிகிரி காட்டியது. இடப்பக்கச் சுவர் நடுப்பகுதிக்குக் கீழே சில்லென்றே இருக்கிறது, வலப்பக்கம் சூடாகிறது. மீண்டும் வந்த டெக்னீஷியனைப் பின்மூடியைக் கழற்றச் சொன்னோம்; மேல்மூலையில் மட்டும் பனி, மற்ற வளைவுகள் வெறுமையாக இருந்தன. படங்களைக் காட்டி, கேஸ் நிரப்புவதற்குச் சம்மதமில்லை, டி.ஓ.ஏ. சான்றுதான் வேண்டும் என்று சொன்னபோது, முதலில் தயங்கினாலும், மேலதிகாரியிடம் பேசிவிட்டு எழுதிக் கொடுத்தார். இன்சுலின் குப்பிகள் தெருமுனை மருந்துக் கடையில் பத்திரமாக இருக்கின்றன.

கடிதம் போன பிறகு கடையிலிருந்து அவர்களாகவே அழைத்தார்கள். ஆனால் புதிய சிக்கல் ஒன்று. நாங்கள் வாங்கிய மாடல் இப்போது இருப்பில் இல்லையாம்; அதைவிடப் பெரிய மாடலை எடுத்துக்கொண்டு வித்தியாசத் தொகையைக் கட்டுங்கள் என்கிறார்கள். எங்கள் சமையலறையில் பெட்டி வைக்கும் இடம் கட்டும்போதே இரண்டு பக்கமும் சுவர் வைத்து, மேலே பரண் பலகையோடு அமைத்த மாடம். அகலம் 66 சென்டிமீட்டர், உயரம் 172. அவர்கள் சொல்லும் பெட்டியின் அகலம் 60, உயரம் 169. அளவுக்குள் அடங்கிவிடுகிறதே என்கிறார் கடைக்காரர். ஒப்புக்கொள்ளலாமா?


பதில்: செங்கல் சுண்ணாம்பு (காரைக்குடி)

நான் கட்டடப் பொறியாளர். ஒப்புக்கொள்ளாதீர்கள் அம்மா. விளம்பரத் தாளில் போடும் அளவு பெட்டியின் உடம்பு அளவு; அது நின்று மூச்சுவிட வேண்டிய இடம் அதில் சேராது. சூட்டுக் குழாய்கள் பக்கச் சுவர்களில் இருக்கும் பெட்டியை இரண்டு சுவர்களுக்கு நடுவே பக்கத்துக்கு 3 சென்டிமீட்டரும், பரணுக்கு அடியில் 3 சென்டிமீட்டரும் விட்டுச் செருகினால், சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரஸர் இரவும் பகலும் ஓடும். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று ஒவ்வொரு மாடலின் கையேட்டிலும் படம் போட்டிருப்பார்கள். கடையில் பணம் கட்டும் முன்பே அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தர மறுத்தால் அந்த மாடலே வேண்டாம்.

கதவு திறக்கும் அளவு இன்னொன்று. மாடத்துக்குள் பெட்டி முழுக்க உள்ளே போய்விட்டால், கதவு செங்கோணத்துக்கு மேல் திறக்காது. பல பெட்டிகளில் கதவு செங்கோணத்தைத் தாண்டித் திறந்தால்தான் அடியிலுள்ள காய்கறித் தட்டை வெளியே இழுக்க முடியும். இல்லையென்றால் தட்டு கதவின் உள்விளிம்பில் இடித்து நிற்கும், கழுவுவதற்குக்கூட எடுக்க முடியாது. சுவரையும் பெட்டியையும் மட்டும் அளக்காமல், வாசல் நிலை, மாடிப்படித் திருப்பம், சமையலறைக் கதவு ஆகிய மூன்றையும் அளந்துவிடுங்கள். நம் ஊர் வீடுகளில் சமையலறைக் கதவு இரண்டரை அடிதான் இருக்கும், நிலைச்சட்டம் போக உள்ளே 70 சென்டிமீட்டர் கிடைத்தால் அதிகம். கைப்பிடியோடு சேர்த்தால் பெட்டியின் ஆழமே அதற்கு நெருங்கி வரும். அப்படிப்பட்ட வீடுகளில் தூக்கி வருபவர்கள் நிலையில் இடித்து, மறுபடி ஒரு ஒடுக்கு விழுகிறது.

பெரிய மாடல் என்றதும் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரச் சீட்டையும் பாருங்கள். முகப்பில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டில் நட்சத்திர எண்ணிக்கைக்குக் கீழே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். நீங்கள் வாங்கியதில் என்ன, தருவதாகச் சொல்வதில் என்ன என்று ஒப்பிடுங்கள். நட்சத்திரம் குறைந்த பெட்டிக்கு வித்தியாசத் தொகையும் கட்டி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணத்திலும் கூடுதலாகக் கட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.


பதில்: நுகர்வோர் பக்கம் (சேலம்)

பொறியாளர் சொன்னதோடு ஒன்று. வித்தியாசத் தொகை கட்டும் கடமை உங்களுக்கு இல்லை. அதே மாடல் இல்லையென்றால், அதே கொள்ளளவும் அதே நட்சத்திரமும் கொண்ட, உங்கள் மாடத்துக்குப் பொருந்துகிற வேறு பெட்டி. அதுவும் இல்லையென்றால் முழுத் தொகை. டி.ஓ.ஏ. சான்று கையில் இருக்கும்போது பேச்சு உங்கள் பக்கம்தான் சாயும். தொலைபேசியில் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி, "இன்று நீங்கள் அழைத்துச் சொன்னதன்படி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மாற்றுப் பெட்டிக்கு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதையும் எழுத்தில் பெறுங்கள். கூடுதல் வாரண்டி தனியாக வாங்கியிருந்தால் அதில் பழுதான பெட்டியின் வரிசை எண்தான் பதிவாகியிருக்கும், அதை மாற்றாவிட்டால் பின்னாளில் செல்லாது என்பார்கள்.


பதில்: மலைக்கோட்டை மெக்கானிக் (திருச்சி)

பதினான்கு டிகிரி, சில்லென்ற இடப்பக்கச் சுவர், மூலையில் மட்டும் பனி என்று படித்ததும் சந்தேகம் தீர்ந்தது அம்மா, கோளாறு வாயு செல்லும் பாதையில்தான். நல்லவேளை, கேஸ் நிரப்ப விடவில்லை.

மாற்றுப் பெட்டி வரும்போது வாசலிலேயே, ஓ.டி.பி. எண்ணைச் சொல்லும் முன், அட்டையின் நான்கு பக்கமும் அடியும் பாருங்கள். அட்டையில் கிழிசலோ, மூலை நசுங்கலோ, படுக்கவைத்த அடையாளமோ இருந்தால் அதைப் படமெடுத்து, அவர்கள் தரும் தாளில் "அட்டை சேதம், பிரித்துச் சோதிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். தாள் இல்லை, எண் மட்டும்தான் என்றால் அதையே வாட்ஸப்பில் கடைக்கு அந்த நிமிடமே அனுப்பிவிடுங்கள். பழுதான பெட்டியை, புதியது குளிர்கிறது என்று தெரியும்வரை எடுத்துப் போக விடாதீர்கள். ஒரே நடையில் இரண்டையும் முடித்துக்கொள்ள அவசரப்படுத்துவார்கள்.

வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கும். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் அப்படியே விட்ட பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும். கையேட்டில் இதைவிடக் கூடுதல் நேரம் போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள். போட்டதும் உள்ளே எதையும் அடைக்காமல் ஒரு நாள் வெறுமனே ஓடவிட்டு, அதே டம்ளரையும் வெப்பமானியையும் நடுத்தட்டில் வையுங்கள். 5 டிகிரிக்கு இறங்கிய பிறகு மருந்துக் கடையிலிருந்து இன்சுலினை வாங்கி வந்து நடுத்தட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். கதவில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் அங்கே சூடு ஏறி இறங்கும்.